சின்ன ஆணி செய்யும் பெரிய வேலை

கண்ணாடி அலமாரியில் ஒரு மெல்லிய மரச் சட்டம் பெயர்ந்துவிட்டது. சரிசெய்ய ஆள் வரவில்லை. வீட்டில் இருப்பவர்களே அதை அடித்துப் பொருத்தலாமா? பொருத்தலாம்! எப்படி?

‘டக்! டக்! டக்!’

ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு வீட்டுக் கூடத்தில் சுத்தியல் சத்தம் கேட்கிறது. கண்ணாடி அலமாரியின் முன்னே குடும்பத் தலைவர் உட்கார்ந்து இருக்கிறார். வலது கையில் பெரிய சுத்தியல். இடது கையில் 2 அங்குல ஆணி.

அந்த அலமாரிக்கு வயது 40. அவருடைய தகப்பனார் முதல் சம்பள உயர்வு வந்தபோது வாங்கியது. தகப்பனார் இப்போது இல்லை. அலமாரி இருக்கிறது. அதில் பாட்டியின் பித்தளைச் செம்பும், பேத்தி பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பையும், ஒரு கொலு பொம்மையும் இருக்கின்றன.

அந்த பொம்மைதான் வீட்டில் உள்ள 2 வயதுப் பையனுக்கு உயிர். தினமும் தத்தித் தத்தி வந்து, இரண்டு கைகளாலும் கண்ணாடியைத் தட்டுவான். ஒரு வாரமாக, அவன் தட்டும்போது எல்லாம் ‘கடகட’ என்று கண்ணாடி ஆடுகிறது.

“என்னங்க, கண்ணாடி பிள்ளையின் மேலே விழுந்துவிடப் போகிறது. ஏதாவது செய்யுங்கள்” என்று மனைவி நாலு நாளாகச் சொல்லிக்கொண்டு இருந்தாள். தச்சரைக் கூப்பிட்டார்கள். “இந்தச் சின்ன வேலைக்கா? அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று அவர் சொல்லிவிட்டார்.

அதனால்தான் வீட்டுக்காரரே சுத்தியலைத் தூக்கிவிட்டார்!

‘டக்! டக்! படீர்!’

சட்டம் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தது. நல்ல வேளை, கண்ணாடி தப்பியது.

“போச்சு! இருந்ததையும் கெடுத்துவிட்டாயா?” என்று பாட்டி தலையில் கை வைத்தாள்.

எதிர் வீட்டு ஆசாரி

சத்தம் கேட்டு எதிர் வீட்டுத் திண்ணையில் இருந்து ஒரு முதியவர் எழுந்து வந்தார். தச்சு வேலையில் தலை நரைத்தவர். இப்போது கை நடுங்குவதால் வேலைக்குப் போவது இல்லை.

“என்ன தம்பி! ஆணி அடிக்கிறீர்களா, இடி இடிக்கிறீர்களா?”

“சட்டம் பிளந்துவிட்டது, ஆசாரி ஐயா. பழைய மரம். உளுத்துப் போய்விட்டது.”

முதியவர் குனிந்தார். உடைந்த துண்டை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார்.

“தேக்கு மரம் தம்பி. இன்னும் 40 வருஷம் தாங்கும். மரத்தின் மேல் பழி போடாதீர்கள். ஆணிதான் தப்பு!”

அலமாரிக் கண்ணாடியைத் தாங்குவது எது? கதவு என்றுதான் பலரும் நினைப்பார்கள். கதவின் உள்விளிம்பில் ஒரு படி வெட்டி இருக்கும். கண்ணாடி அந்தப் படியில் உட்கார்ந்து இருக்கும். அது பின்னால் விழாமல் பிடித்துக்கொள்வது, நாலு பக்கமும் அடித்த விரல் அகலச் சட்டம்தான். மரக்கடையில் ‘பீடிங்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொள்வது, நூலைப் போல மெல்லிய சில ஆணிகள்!

ஆணி போனால் சட்டம் போகும். சட்டம் போனால் கண்ணாடி போகும்.

மரம் ஏன் பிளக்கிறது?

மரம் என்பது நீளமான நார்கள் ஒட்டிச் சேர்ந்த கட்டு. விறகு வெட்டுகிறவர் கோடரியை நார் ஓடும் திசையில் போடுகிறார். ஒரே வெட்டில் கட்டை இரண்டாகிறது. குறுக்கே வெட்டினால் அவ்வளவு எளிதில் வெட்டுப்படாது.

கூர்மையான ஆணியும் ஒரு சின்னக் கோடரிதான். அது நார்களை இரண்டு பக்கமும் தள்ளுகிறது. தடித்த மரத்தில் நார்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கும். பிறகு ஆணியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆணி மரத்தில் நிற்பது இந்தப் பிடியால்தான். ஆனால் மெல்லிய சட்டத்தில் நகர இடம் ஏது? அது பிளந்துவிடுகிறது. சட்டத்தின் நுனிக்கு அருகே அடித்தால் இன்னும் சீக்கிரம் பிளக்கும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி: மெல்லிய ஆணி. 10 மில்லி மீட்டர் கனம் உள்ள சட்டத்துக்கு 1 அங்குல (25 மில்லி மீட்டர்) ஆணி போதும். ஆணியின் நீளம் சட்டத்தின் கனத்தைப்போல் இரண்டரை மடங்கு இருக்கவேண்டும். இது ஒரு நல்ல கணக்கு. ஆணியின் தடிப்பு 1 மில்லி மீட்டருக்குச் சற்று மேலே இருந்தால் சரி. தலை சின்னதாக இருக்கவேண்டும்.

இரண்டாவது வழி: ஆணியின் கூரை மழுக்குவது. ஆணியைத் தலைகீழாக இரும்பின் மேல் நிறுத்தி, கூர் முனையில் லேசாக ஒரு தட்டு தட்டவேண்டும். கேட்பவருக்குச் சிரிப்பு வரும். கூராக இருந்தால்தானே சுலபமாக இறங்கும்? ஆம். ஆனால் கூர் முனை நார்களை விலக்கிப் பிளக்கும். மழுங்கிய முனையோ, எதிரே உள்ள நார்களை நசுக்கிக்கொண்டு இறங்கும். பிளப்பது குறையும். பிடி கொஞ்சம் குறையலாம். சின்னச் சட்டத்துக்கு அது போதும்.

மூன்றாவது வழிதான் சிறந்த வழி: முன்கூட்டியே துளை போடுவது. துளை, ஆணியைவிடக் கொஞ்சம் சிறிதாக இருக்கவேண்டும். கையால் சுற்றும் துரப்பணம் இருந்தால் போதும். மெல்லிய துளை ஊசி கிடைக்கவில்லையா? அதே ஆணி ஒன்றின் தலையை வெட்டிவிட்டு, துரப்பணத்தில் மாட்டிச் சுற்றலாம். அதுவே துளை போடும்.

கருவிகள் என்ன?

முதியவர் தம் வீட்டில் இருந்து ஒரு பழைய பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். 11 வயது மகள் ஓடிப்போய் எடுத்து வந்தாள்.

பெட்டியில் இருந்தவை இவைதான்: ஒரு சின்னச் சுத்தியல். மெல்லிய பல் ரம்பம். கைத்துரப்பணம். குறடு. தட்டை உளி. நுனி மழுங்கிய சின்ன இரும்புக் குச்சி. உப்புத்தாள்.

“இவ்வளவுதானா தாத்தா?” என்று கேட்டாள் சிறுமி.

“இவ்வளவுதான் கண்ணு. மின்சாரம் வேண்டாம். பெரிய பலமும் வேண்டாம். பொறுமைதான் வேண்டும்.”

சுத்தியலைப் பாருங்கள். அதன் எடை சுமார் 100 கிராம்தான். தலையின் ஒரு பக்கம் தட்டை. மறு பக்கம் ஆப்பைப்போல் ஒடுங்கி இருக்கிறது. அது எதற்கு? சின்ன ஆணியை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடிக்கும்போது, தட்டைப் பக்கத்தால் அடித்தால் விரல் நசுங்கும். ஒடுங்கிய பக்கத்தால் தட்டினால், விரல்களுக்கு நடுவே ஆணியில் மட்டும் அடி விழும். ஆணி நின்றதும், சுத்தியலைத் திருப்பித் தட்டைப் பக்கத்தால் அடிக்கவேண்டும்.

அப்படிப்பட்ட சுத்தியல் இல்லாத வீட்டில் என்ன செய்வது? தலை வாரும் சீப்பு போதும்! சீப்பின் பற்களுக்கு நடுவே ஆணியைச் சொருகிப் பிடிக்கவேண்டும். விரல் தூரத்தில் இருக்கும். ஒரு துண்டு அட்டையில் ஆணியைக் குத்தி, அட்டையைப் பிடித்துக்கொண்டும் அடிக்கலாம். பிறகு அட்டையைக் கிழித்துவிடலாம்.

வேலை தொடங்கியது

முதலில் அலமாரியில் இருந்த சாமான்களை எல்லாம் எடுத்தார்கள். பையனைப் பாட்டி தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

“கதவை நிற்க வைத்துக்கொண்டு கண்ணாடி வேலை செய்யக்கூடாது” என்றார் முதியவர். இருவர் சேர்ந்து கதவைப் பிடித்துக்கொண்டு, கீல் திருகாணிகளைக் கழற்றினார்கள். மேஜையில் ஒரு போர்வையை விரித்தார்கள். சட்டம் இருக்கும் பின்பக்கம் மேலே தெரியும்படி கதவைப் படுக்க வைத்தார்கள். இனி சட்டத்தை எடுத்தாலும் கண்ணாடி கீழே விழாது.

அடுத்தது, பழைய சட்டத்தைப் பெயர்ப்பது. கையில் தடித்த கையுறை. கண்ணுக்குக் கண்ணாடி. உளியைச் சட்டத்தின் நுனியில் கொடுத்து நெம்பக்கூடாது. நடுவில் கொடுத்து, மெள்ள நெம்பவேண்டும். சட்டம் வில்லைப்போல் வளைந்து, நுனிகள் தாமாகவே விடுபடும். சட்டத்தில் மிச்சம் இருக்கும் ஆணியை முன்பக்கமாகத் தட்டி எடுக்கக்கூடாது. பின்பக்கமாகக் குறடால் பிடித்து இழுக்கவேண்டும். அப்படிச் செய்தால் முன்பக்கம் சிதறாது. சட்டத்தையே மறுபடியும் பயன்படுத்தலாம்.

மூன்று சட்டங்கள் முழுசாக வந்தன. பிளந்த ஒன்றுக்கு மட்டும் புதிய சட்டம் வெட்டவேண்டும்.

மூலையில் இரண்டு சட்டங்கள் சாய்வாகச் சேரவேண்டும். அதற்கு ஒவ்வொன்றையும் 45 பாகை சாய்வில் வெட்டவேண்டும். மூன்று பலகைகளால் ஒரு தொட்டி போலச் செய்து, அதில் 45 பாகைக்குக் கீறல் போட்டு வைத்துக்கொண்டால், ரம்பம் வழி தவறாது. அளவு நாடாவை மட்டும் நம்பக்கூடாது. சட்டத்தைக் கதவின் மேலேயே வைத்துப் பென்சிலால் கோடு போடவேண்டும். ஒரு மயிரிழை நீளமாக வெட்டி, உப்புத்தாளால் தேய்த்துச் சரி செய்யலாம். நீளத்தைக் குறைக்கலாம். குறைந்த நீளத்தைக் கூட்ட முடியாது!

பிறகு துளை. கண்ணாடிக்கு மேலே வைத்துத் துளை போடுவது ஆபத்து. சட்டத்தைத் தனியாக ஒரு கழிவுப் பலகையின் மேல் வைத்துத் துளை போட்டார்கள். நுனியில் இருந்து 3 சென்டி மீட்டர் தள்ளி முதல் துளை. அப்புறம் 15 சென்டி மீட்டருக்கு ஒன்று. ஒவ்வொரு துளையிலும் ஆணியைச் சொருகி, கூர் முனை மறுபக்கம் எட்டிப் பார்க்கும் வரை தட்டி வைத்தார்கள்.

இப்போது கண்ணாடியின் மேல் ஒரு கெட்டி அட்டை. அதன்மேல் சுத்தியலைப் படுக்க வைத்து, தேய்த்துக்கொண்டே சின்னச் சின்னத் தட்டு. சுத்தியல் மேலே எழும்புவதே இல்லை. ஆணி கண்ணாடிக்கு இணையாக, அல்லது கண்ணாடியை விட்டு லேசாக விலகிப் போகவேண்டும். கண்ணாடியின் பக்கம் சாய்ந்தால், அப்போது உடையாத கண்ணாடியும் பிறகு ஒருநாள் விரிசல் விடும்.

ஓர் ஆணியை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்தும், அடுத்ததை வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்தும் அடித்தால் பிடி கூடும். சட்டத்தை நேராகப் பிடித்து இழுத்தாலும் எளிதில் வராது.

கடைசியில், நுனி மழுங்கிய இரும்புக் குச்சி வேலைக்கு வந்தது. கடையில் இதற்கு ‘பஞ்ச்’ என்று பெயர். அதை ஆணியின் தலையில் வைத்து ஒரு தட்டு. தலை 2 மில்லி மீட்டர் உள்ளே போய்விடும். அந்தச் சின்னக் குழியில் மரத்தின் நிறத்திலேயே மக்கு வைத்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் நார் ஓடும் திசையில் தேய்த்தால், ஆணி இருக்கும் இடமே தெரியாது.

பசை போடலாமா?

“கொஞ்சம் பசையும் தடவிவிடலாமே, ஐயா?” என்று கேட்டார் வீட்டுக்காரர்.

“கூடாது தம்பி! நாளைக்குக் கண்ணாடி உடைந்தால் சட்டத்தை எப்படி எடுப்பீர்கள்?”

கண்ணாடியைப் பிடிக்கும் சட்டத்துக்கு ஆணி மட்டுமே போதும். பசை வேண்டிய இடம் வேறு. ஒட்டுப்பலகையின் ஓரத்தை மறைக்க அடிக்கும் சட்டத்துக்குப் பசை அவசியம். அந்தக் காலத்தில் தச்சர்கள் தோலில் இருந்தும் எலும்பில் இருந்தும் எடுத்த வச்சிரத்தைக் காய்ச்சித் தடவினார்கள். இப்போது வெள்ளைப் பசை கிடைக்கிறது. அங்கே உண்மையில் பிடிப்பது பசைதான். பசை காயும் வரை ஆணி பிடித்துக்கொண்டு இருக்கிறது.

இன்னொரு முக்கியமான செய்தி. மரம் மழைக்காலத்தில் ஈரத்தைக் குடித்து அகலும். வெயில் காலத்தில் சுருங்கும். நீளத்தில் ஏறக்குறைய மாறுதல் இராது. அகலத்தில்தான் மாறும். கதவின் நடுப்பலகையைச் சுற்றி அழகுச் சட்டம் அடிக்கும்போது, ஆணியைச் சுற்றுச் சட்டத்தில்தான் அடிக்கவேண்டும். நடுப்பலகையிலும் சேர்த்து அடித்தால், பலகை அசைய முடியாமல் வெடிக்கும்.

கடற்கரை ஊர்களில் இரும்பு ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அது உப்பி மரத்தையே பிளக்கும். அங்கே பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு ஆணி நல்லது. பித்தளை மென்மையானது. துளை போடாமல் அடித்தால் வளைந்துவிடும்.

ஆணிக்கு வந்த மதிப்பு

இன்று ஒரு கைப்பிடி ஆணியை யாரும் பெரிதாக நினைப்பது இல்லை. ஒரு காலத்தில் அப்படி இல்லை!

ஸ்காட்லாந்தில் இஞ்ச்டூத்தில் என்ற இடத்தில் ரோமானியப் படையின் கோட்டை ஒன்று இருந்தது. கி.பி. 87-ம் ஆண்டு வாக்கில் படை அந்த இடத்தைக் காலி செய்தது. போகும்போது, தம்மிடம் இருந்த ஆணிகளை ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிட்டுப் போனது. 1952 முதல் 1965 வரை அங்கே அகழ்வாராய்ச்சி நடந்தபோது அந்தக் குழி அகப்பட்டது. உள்ளே இருந்த ஆணிகள் 7½ லட்சத்துக்கும் மேல்! இவ்வளவு இரும்பும் எதிரியின் கையில் கிடைத்தால் ஆயுதமாக மாறும் என்று பயந்தே புதைத்திருக்கவேண்டும் என்கிறார்கள் அறிஞர்கள்.

அப்போது ஒவ்வோர் ஆணியையும் கொல்லர் நெருப்பில் காய்ச்சி, ஒவ்வொன்றாக அடித்துச் செய்யவேண்டும். 1776-ல் வெளிவந்த ‘நாடுகளின் செல்வம்’ என்ற நூலில், பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் இதைப் பற்றி எழுதி இருக்கிறார். ஆணி செய்வதைத் தவிர வேறு தொழிலே செய்யாத, 20 வயது நிரம்பாத இளைஞர்கள், ஒரு நாளில் ஆளுக்கு 2,300-க்கு மேல் ஆணி செய்ததைப் பார்த்ததாகக் கூறுகிறார்.

அமெரிக்க ஜனாதிபதியாகப் பின்னால் வந்த தாமஸ் ஜெபர்சன், 1794-ல் தம் பண்ணையில் ஆணிப் பட்டறை வைத்தார். அங்கே நெருப்பின் முன் நின்று ஆணி அடித்தவர்கள் யார்? அவருடைய அடிமைகளாக இருந்த சிறுவர்கள்! 10 வயதில் இருந்து 16 வயது வரை உள்ள பிள்ளைகள்.

பிறகு இயந்திரம் வந்தது. கம்பியை வெட்டி ஆணி செய்யும் முறை 19-ம் நூற்றாண்டில் பரவியது. ஆணியின் விலை இறங்கியது.

எச்சரிக்கை!

சின்ன வேலைதான். ஆனால் மூன்று ஆபத்துகளை மறக்கக்கூடாது.

ஒன்று, கண். அடிக்கும்போது ஆணி தெறிக்கும். கண்ணைக் காக்கும் கண்ணாடி அணியாமல் சுத்தியலைத் தொடக்கூடாது.

இரண்டு, காயம். ஆணி குத்தினால், “துரு இல்லை, பயம் இல்லை” என்று இருந்துவிடக்கூடாது. வில்வாத நோயைத் தருவது துரு அல்ல. மண்ணிலும் தூசியிலும் இருக்கும் கிருமிதான். சுத்தமான நீரில் கழுவிவிட்டு, டாக்டரிடம் காட்டி, தடுப்பு ஊசி தேவையா என்று கேட்கவேண்டும்.

மூன்று, பழைய பெயிண்ட். அதில் ஈயம் இருக்கலாம். ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டுப் பெயிண்டில் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்ற விதி, இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பெயிண்ட் அடித்த சட்டத்தை உலர்ந்தபடியே தேய்க்கக்கூடாது. நனைத்துத் தேய்த்து, ஈரத் துணியால் துடைக்கவேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் இருக்கக்கூடாது.

கடைசி ஆணி

பகல் 12 மணி. நாலாவது சட்டத்தில் ஓர் ஆணிதான் பாக்கி.

“நான் அடிக்கட்டுமா, தாத்தா?” என்றாள் சிறுமி.

முதியவர், தகப்பனாரைப் பார்த்தார். அவர் தம் கண்ணில் இருந்த பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி மகளுக்கு மாட்டிவிட்டார். சீப்பில் ஆணியைச் சொருகிக் கொடுத்தார் முதியவர். அவருடைய விரல்கள் நடுங்கின. சிறுமியின் விரல்கள் நடுங்கவில்லை.

டக். டக். டக்.

ஆணி நேராக இறங்கியது.

“ஐயா, ஒன்று கேட்கட்டுமா?” என்றார் வீட்டுக்காரர். “இப்படி எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டால் உங்கள் ஆட்களின் பிழைப்பு என்ன ஆவது?”

முதியவர் சிரித்தார்.

“கதவு செய்ய எங்களிடம்தான் வருவீர்கள், தம்பி. ஆனால் ஓர் ஆணி அடிக்க ஆள் வரட்டும் என்று காத்திருந்து, பிள்ளை மேல் கண்ணாடி விழுந்தால், அதற்கு யார் கூலி கொடுப்பது?”

கதவை மாட்டினார்கள். செம்பும், கோப்பையும், பொம்மையும் பழைய இடத்துக்குப் போயின. பின்கட்டில் இருந்து பையன் தத்தித் தத்தி வந்தான். பொம்மையைக் கண்டதும் இரண்டு கைகளாலும் கண்ணாடியைத் தட்டினான்.

எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். ‘கடகட’ சத்தம் இல்லை.

பாட்டி பெருமூச்சு விட்டாள். “ஆசாரி ஐயாவுக்கு ஒரு டம்ளர் காபி கொண்டுவா” என்று மருமகளுக்குக் குரல் கொடுத்தாள்.